மைனரின் ஹெட் ஸ்டட்களும் 0.15 மில்லிமீட்டரும்

என் பழைய பிரிட்டிஷ் காரான மோரிஸ் மைனரின் எஞ்சினில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களில் மட்டும் கம்ப்ரஷன் (பிஸ்டன் அமுக்கும் காற்றின் அழுத்தம்) விழுந்திருந்தது. ஒன்றிலும் நான்கிலும் கேஜ் முள் 150 பிஎஸ்ஐ பக்கம் போய் நின்றது. நடுவில் இருக்கும் இரண்டிலும் 90-ஐத் தாண்டவில்லை. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுற்றிப் பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அளவு ஏறியிருக்கும். ஏறவில்லை. அடுத்தடுத்த சிலிண்டர்கள் இரண்டும் சொல்லிவைத்தாற்போல ஒரே அளவுக்கு இறங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அவற்றுக்கு நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைத்தான், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் இடையில் அமுங்கி அடைக்கும் தகட்டை.

மைனரில் இருக்கும் ஏ-சீரிஸ் எஞ்சினோடு பழகியவர்களுக்கு இது தெரிந்த நோய். 1951-இல் ஆஸ்டின் ஏ30-இல் வந்த எஞ்சின் குடும்பம் அது. 2000-இல் பழைய மினி நிற்கும்வரை ஏதோ ஒரு வடிவத்தில் ஓடியது. என் வண்டியில் இருப்பது 1098 சிசி, 1962-இலிருந்து மைனருக்குக் கொடுக்கப்பட்ட அளவு. இந்த எஞ்சினில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே போர்ட் வழியாகப் புகையைத் தள்ளுகின்றன. ஹெட்டில் அதிகம் சூடாகும் இடமே அதுதான். அந்த இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவில் கேஸ்கெட்டுக்குக் கிடைப்பது ஒரு ஒல்லியான பட்டை இடம் மட்டுமே. எங்கேயாவது பிடி தளர்ந்தால் முதலில் ஊதுவது அங்கேதான்.

எனக்கு இந்த வண்டியைக் கொடுத்தவர் கேஸ்கெட்டை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியிருந்தார். அதனால் "கேஸ்கெட்டை மட்டும் மாற்று, அரை நாள் வேலை" என்று நண்பர்கள் சொன்னபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. நல்ல கேஸ்கெட் தானாகக் கெட்டுப்போகாது. அதை அழுத்திப் பிடிக்க வேண்டியது பிடிக்காமல் விட்டிருக்கிறது. அப்படியென்றால் பார்க்க வேண்டியது ஸ்டட்களை, அதாவது பிளாக்கில் திருகி நின்று, மேலே போடும் நட்டோடு சேர்ந்து ஹெட்டைப் பிடிக்கும், இரு முனையிலும் மரையுள்ள கம்பிகளை.

ஸ்டட் ஒரு ஸ்பிரிங். இதை மனதில் வாங்கிக்கொண்டால் இந்த வேலையில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் காரணம் புரிந்துவிடும். பார்வைக்குக் கட்டைக் கம்பி போல இருந்தாலும், நட்டை முறுக்கும்போது நாம் அதை இழுத்து நீட்டுகிறோம். நீண்டது தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த விசைதான் ஹெட்டை பிளாக்கோடு சேர்த்துப் பிடிக்கிறது. மைனரின் ஸ்டட் 3/8 அங்குலம், அதாவது 9.5 மிமீ. கையேடு சொல்லும் முறுக்கு 40 அடி-பவுண்டு, 54 நியூட்டன் மீட்டர். மரையின் உராய்வைப் பொறுத்து, ஒரு ஸ்டட்டுக்கு இது ஏறத்தாழ 3 முதல் 4 டன் வரை இழுவிசை. ஏ-சீரிஸ் ஹெட்டின் உயரம் 2.75 அங்குலம், கிட்டத்தட்ட 70 மிமீ. வாஷர், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 75 மிமீ நீளமுள்ள இந்தக் கம்பி 3 டன்னில் எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.15 மிமீ.

அந்த எண்ணைத் தாளில் எழுதிவிட்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த சிலிண்டரின் போர் 64.58 மிமீ. எரிப்பு உச்சத்தில் 50 பார் அழுத்தம் வந்தால், ஒவ்வொரு சிலிண்டரும் ஹெட்டை ஒன்றரை டன்னுக்கும் சற்று அதிகமாக மேலே தள்ளும். 3000 சுற்றில் ஓடும்போது ஒரு சிலிண்டரில் மட்டும் இது வினாடிக்கு 25 முறை. அத்தனையையும் தாங்கி நிற்பது 0.15 மிமீ நீட்சி! நட்டுக்கு அடியில் பெயின்ட் படலமோ, துருவோ, மரை ஓரத்தில் ஒரு பிசிறோ இருந்து, அது பிறகு 0.05 மிமீ அமுங்கினால் போதும், மூன்றில் ஒரு பங்கு பிடி காணாமல் போய்விடும். டார்க் ரெஞ்ச் சரியாகத்தான் கிளிக் அடித்திருக்கும். நட்டும் அசைந்திருக்காது.

சரி, கழற்றியதைச் சொல்கிறேன்.

முதலில் பேட்டரி இணைப்பை எடுத்தேன், பிறகு கூலன்ட்டை முழுக்க வடித்தேன். ரேடியேட்டரை வடித்தால் மட்டும் பிளாக் காலியாகாது. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகாலையும் திறக்க வேண்டும். அது பெரும்பாலும் சேறு அடைத்துக் கிடக்கும், கம்பி விட்டுக் குத்தினால்தான் வழிவிடும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஏ-சீரிஸில் ஹெட்டைப் பிடிப்பவை 9 ஸ்டட்கள். அவற்றில் 4 நீளமானவை. ராக்கர் தூண்களுக்குள் (வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களின் ஷாஃப்டைத் தாங்குபவை) புகுந்து மேலே வந்து, ஹெட்டையும் ராக்கர் ஷாஃப்டையும் சேர்த்தே பிடிக்கின்றன. ராக்கரைக் கழற்றத்தானே போகிறோம் என்று அந்த 4 நட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற 5-ஐ முறுக்கிலேயே விட்டால் ஹெட் கோணிக்கொள்ளும். தண்ணீர் இன்னும் உள்ளே இருந்தால் சிலிண்டருக்குள்ளும், அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள்ளும் இறங்கிவிடும். ஆகவே 9 நட்டுகளையும், முறுக்கும் வரிசையைத் தலைகீழாக வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். டாப்பெட் சரிபார்க்க ராக்கரை மட்டும் கழற்றுபவர்களுக்கும் இதுவே விதி.

தளர்த்தும்போதே டார்க் ரெஞ்சைப் போட்டு, எந்த நட்டு எவ்வளவில் விடுகிறது என்று குறித்துக்கொண்டேன். நட்டை அவிழ்க்கும் முறுக்கு, அது இறுகியிருந்த அளவைத் துல்லியமாகச் சொல்லாது. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். நடுவில் இருந்த ஒரு நட்டு மற்றவற்றில் பாதி பலத்திலேயே விட்டுக்கொடுத்தது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் நின்ற நட்டு அது.

ராக்கரை எடுத்து, அதைக் கீழிருந்து தள்ளும் புஷ் ராடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி உருவி, வரிசை மாறாமல் அட்டையில் குத்தி வைத்தேன். புஷ் ராடை நேராக மேலே இழுத்தால் அதன் அடியில் இருக்கும் டாப்பெட்டும் எண்ணெய்ப் பிடிப்பில் கூடவே கிளம்பி வந்து சாய்ந்துவிடும். அதனால்தான் சுற்றி எடுக்கிறோம். அதன் பிறகு ஹெட். வரவில்லை. ஸ்டட்டுக்கும் ஹெட்டின் துளைக்கும் இடையில் துரு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. இந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை எடுத்து இடுக்கில் விட்டு நெம்பக் கூடாது, எவ்வளவு ஆத்திரம் வந்தாலும். அந்த இரண்டு முகங்களிலும் விழும் ஒரு கீறல் அடுத்த கேஸ்கெட்டின் ஆயுளைத் தின்றுவிடும். ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் ஊடுருவும் எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊற விட்டேன். மறுநாள் ஒரு மரக்கட்டையை வைத்து ஹெட்டின் பக்கங்களில் தட்டினேன். அசைவு தெரிந்ததும் நேராகத் தூக்க வேண்டும். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அப்படியும் வராத ஹெட்டுக்கு, பிளக்குகளைப் போட்டு, நட்டுகளை நுனியில் மட்டும் நிற்க விட்டு எஞ்சினைச் சுற்றினால், கம்ப்ரஷனே அதைத் தூக்கிக் கொடுக்கும். எனக்கு அந்த நிலை வரவில்லை.

கேஸ்கெட்டில் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்ததுதான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கறுப்பாகக் கருகிய ஒரு வாய்க்கால். பழைய கேஸ்கெட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் காய்ந்த நிலையில் சுரண்டவே வேண்டாம். நனைத்து, ஈரம் இருக்கும்போதே எடுத்து, ஒரு பையில் கட்டிவிடுங்கள். மின்சார பிரஷ் கொண்டு தேய்த்துத் தூசி கிளப்புவது உங்கள் நுரையீரலுக்கும் கெடுதல், பேரிங்குகளுக்கும் கெடுதல்.

ஸ்டட்களைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு புதிய நட்டு, ஒரு வெர்னியர், ஒரு நேர்கோல் போதும். நட்டைக் கையால் சுற்றி மரையின் கடைசிவரை ஓட விட வேண்டும். நல்ல ஸ்டட்டில் நட்டு ஒரே சீராக இறங்கும். நீண்டுபோன ஸ்டட்டில் பாதியில் இறுகி நின்றுவிடும், ஏனென்றால் அந்த இடத்தில் மரையின் இடைவெளி மாறிப்போயிருக்கும். நடு நட்டு உட்கார்ந்திருந்த ஸ்டட்டில் அப்படித்தான் நின்றது. வெர்னியரை எடுத்து அளந்தேன். மரைக்குக் கீழே கம்பியின் விட்டம் 9.5 மிமீ இருக்க வேண்டிய இடத்தில் 9.5 இருந்தது, கொஞ்சம் கீழே 9.2, இன்னும் கீழே, தண்ணீர் வழிக்குப் பக்கத்தில், துரு தின்றதில் 8.8. விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இடுப்பு ஒடுங்கியது கண்ணுக்கே தெரிந்தது. விட்டம் 9.5-இலிருந்து 8.8-க்குக் குறைந்தால் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ 14 சதவீதம் போய்விட்டது என்று பொருள். இழுவிசை முழுக்க அந்த ஒடுங்கிய இடத்தில் குவியும். ஒருமுறை எல்லை தாண்டி நீண்ட எஃகு திரும்பிச் சுருங்காது. அதற்குமேல் எவ்வளவு முறுக்கினாலும் இன்னும் நீளுமே தவிர, பிடி ஏறாது.

ஒன்று இப்படி இருந்தால் மற்ற எட்டையும் மாற்றிவிட வேண்டும் என்பது என் திடமான கருத்து. எல்லாம் ஒரே வயது, ஒரே சூடு, ஒரே தண்ணீர். தவிர, ஒன்பதும் ஒரே மாதிரி நீண்டால்தான் ஹெட் சமமாக உட்காரும். புதிய ஒன்றும் பழைய எட்டுமாகக் கலந்தால் கையேட்டின் எண் எதற்கும் பொருந்தாது.

பிளாக்கிலிருந்து பழைய ஸ்டட்களை எடுப்பதுதான் பயமுறுத்தும் பகுதி. முறை எளிது: ஸ்டட்டின் மேல் இரண்டு நட்டுகளைப் போட்டு, ஒன்றுக்கொன்று எதிராக இறுக்கிப் பூட்டி, கீழ் நட்டைப் பிடித்து அவிழ்த்தால் ஸ்டட்டும் கூடவே சுழலும். உருளை வைத்த ஸ்டட் எக்ஸ்ட்ராக்டர் இருந்தால் இன்னும் நல்லது. பூட்டிப் பிடிக்கும் குறடான வைஸ் கிரிப்பைக் கடைசி வழியாகக்கூட நான் தொடுவதில்லை. அது கம்பியைக் கடித்து வழுக்கும், வழுக்கியபின் மற்ற எந்தக் கருவியும் பிடிக்காது. அவிழ்க்கும்போது ஒரே இழுப்பில் போகக் கூடாது. கால் சுற்று அவிழ்த்து, அதில் பாதி திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி அவிழ்த்து. உடைந்த துரு பொடியாகி வெளியே வர வழி வேண்டும். அந்தப் பொடியோடு தொடர்ந்து அவிழ்த்தால் மரையே உரிந்துகொண்டு வரும்.

ஏழு ஸ்டட்கள் இப்படிப் பேச்சுக் கேட்டன. எட்டாவது முரண்டு பிடித்தது. ஒடுங்கிய ஒன்பதாவதைத் தொடவே கை தயங்கியது. அதன் இடுப்பில் முறுக்கு ஏறினால் துண்டாகிவிடும். இரண்டுக்கும் சூடுதான் கை கொடுத்தது. கேஸ் டார்ச்சால் ஸ்டட்டின் அடிப்பகுதியை மட்டும் சூடாக்கி, டார்ச்சை எடுத்துவிட்டு, மெழுகை அதன் அடியில் தொட்டேன். மெழுகு உருகி, மரைக்குள் தானாக இழுக்கப்பட்டு இறங்கியது. அந்தக் காட்சியை விளக்கின் கீழ் கிட்டத்தில் பார்த்தேன்: ஸ்டட்டைச் சுற்றி ஒரு பளபளப்பான வளையம் நின்றது, ஓரிரண்டு நொடியில் உள்ளே மறைந்தது, மறுபடி தொட்டதும் மறுபடி வந்து மறைந்தது. சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கும் ஸ்டட், துருவின் பிடியை உடைக்கிறது. அந்த இடைவெளியில் மெழுகு போய் உட்கார்கிறது. சூடு, மெழுகு, ஆற விடுதல். சில சுற்றுக்குப் பிறகு முதலில் ஒரு மெல்லிய கீச்சொலி, பின் அசைவு. இரண்டும் முழுசாக வந்தன. டார்ச் பிடிக்கும் முன் எண்ணெய்த் துணிகளை எல்லாம் அப்புறப்படுத்தி, தீயணைப்பானைக் கை எட்டும் இடத்தில் வைத்திருந்தேன். பெட்ரோல் பைப்பைக் கழற்றி அடைத்ததும் அதற்காகத்தான்.

உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரு நண்பரின் எஞ்சினில் அப்படி நடந்தபோது கூட இருந்தேன். பிளாக்கின் மட்டத்துக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்து, சூடு ஆறியதும் திருப்பிப் பார்க்கலாம். வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். மட்டத்துக்குக் கீழே உடைந்தால் சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, இடது பக்கம் சுழலும் டிரில் பிட்டால் துளைக்க வேண்டும். பல நேரம் பிட்டே அதைக் கவ்வி அவிழ்த்துக்கொண்டு வந்துவிடும். துளைக்குள் விட்டு உடைந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட்டை மட்டும் முரட்டுத்தனமாகப் பயன்படுத்தாதீர்கள். அது கடினமாக்கிய எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண பிட் எதுவும் அதைத் துளைக்காது, பிறகு மின்பொறி அரிப்பு செய்யும் பட்டறைக்குத்தான் பிளாக் போக வேண்டும். துளைக்கும்போது கோணம் சாயாமலிருக்க, ஹெட்டையே பிளாக்கின் மேல் வைத்து, அதன் துளையில் ஒரு சிறு குழாய் உறை போட்டு வழிகாட்டியாக்கலாம். நண்பர் எஞ்சினில் அதைத்தான் செய்தோம். மரை போய்விட்டிருந்தால் துளைக்குள் புது மரை வைக்கும் ஹெலிகாயில் (சுருள் கம்பி) அல்லது டைம் செர்ட் (உருளை உறை). ஹெட் ஸ்டட்டுக்கு நான் திடமான சுவருள்ள டைம் செர்ட்டையே தேர்ந்தெடுப்பேன்.

இனி சுத்தம். உண்மையில் ஸ்டட் மாற்றும் வேலையே இதுதான் என்று சொல்வேன்.

பிளாக்கின் மரைக்குள் டேப்பை விட்டுச் சுத்தம் செய்யப் பலரும் கிளம்புவார்கள். வெட்டும் டேப் துருவோடு சேர்த்து நல்ல இரும்பையும் எடுக்கும், மரை தளர்ந்துவிடும். வேண்டியது சேசர், அதாவது மரையை வெட்டாமல் அழுக்கை மட்டும் எடுக்கும் கருவி. கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம்: பழைய ஸ்டட்களில் அடிமரை நன்றாக இருக்கும் ஒன்றை எடுத்து, மரையின் நீளவாக்கில் அறுக்கும் தட்டால் மூன்று பள்ளம் போட்டு, ஓரப் பிசிறை அரத்தால் எடுத்துவிட்டால் போதும். அழுக்கு அந்தப் பள்ளங்களில் சேர்ந்து வெளியே வரும். ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் தொட்டு இறக்கி, ஏற்றி, துடைத்து, காற்றடித்தேன். கண்ணாடி போடாமல் காற்றடிக்காதீர்கள், அது நேராக முகத்துக்குத்தான் திரும்பி வரும்.

அடி மூடிய துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ ஒரு சொட்டுகூடத் தேங்கக் கூடாது. திரவம் அமுங்காது. ஸ்டட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கை உள்ளிருந்து விரிசல் விட வைக்கும். எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறும்; சிலவற்றில் ஸ்டட் துளை தண்ணீர் அறைக்குள் திறந்திருக்கும், அங்கே மரையில் சீலன்ட் பூசித்தான் போட வேண்டும். ஒரு மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டால் எது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

அடுத்து, துளைகளின் வாய். வருடக்கணக்காக இழுபட்டதில் பிளாக்கின் முதல் மரை மேலே தூக்கி, துளையைச் சுற்றி ஒரு மெல்லிய வரம்பு எழும்பியிருக்கும். விரலால் தடவினால் தெரியாது. நேர்கோலை வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் துளையருகே கோல் தூக்கி நிற்பது தெரியும். ஹெட் அந்த வரம்புகளின் மேல் உட்கார்ந்தால், கேஸ்கெட் அமுங்க வேண்டிய இடத்தில் அமுங்காது. கையால் சுற்றும் கவுன்டர்சிங்க்கால் ஒவ்வொரு வாயிலும் ஒரு சிறு சாய்வு வெட்டினேன், முதல் மரையின் நுனி மட்டத்துக்குக் கீழே போகும் அளவுக்கு. பிறகு தட்டையான எண்ணெய்க் கல்லால் மேல் முகம் முழுவதையும் மெதுவாகத் தேய்த்து, ஃபீலர் கேஜால் மட்டம் பார்த்தேன். 0.05 மிமீ இதழ் எங்கேயும் நுழையவில்லை. ஹெட்டிலும் அதே சோதனை. முகத்தை இயந்திரத்தில் சீவும் வேலை தேவைப்படவில்லை.

புதிய ஸ்டட்களை வாங்கும்போது பார்க்க வேண்டியவை உண்டு. மரை உருட்டி எடுக்கப்பட்டதா, வெட்டி எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். உருட்டிய மரையில் எஃகின் இழை அறுபடாமல் மரையோடு வளைந்து போகும், அதனால் திரும்பத் திரும்ப இழுபட்டு உலோகம் களைத்து உடைவது குறைவு. நல்ல விற்பனையாளர் எஃகின் தரத்தைச் சொல்வார். சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். நீளமாகக் கிடைக்கும் மரைக்கம்பியை அறுத்துப் போடும் எண்ணத்தை மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள், அது இந்த வேலைக்கான எஃகு அல்ல. நட்டுகளும் புதிது, வாஷர்களும் புதிது. வாஷர் கடினமாக்கித் தேய்த்த வகையாக இருக்க வேண்டும். மெல்லிய, மிருதுவான வாஷர் முறுக்கில் கிண்ணம் போலக் குழிந்துவிடும், அந்தக் குழிவு நம் 0.15 மிமீ-யிலிருந்துதான் கழிக்கப்படும்.

ஸ்டட்டை பிளாக்குக்குள் இறக்கும்போது வலிமை காட்ட இடமே இல்லை. சுத்தமான மரையில் லேசாக எண்ணெய் தடவி, கையால் சுற்றி, அடி தொடும்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். சில எஞ்சின்களில் தயாரிப்பாளரே அடிமுனையை இறுக்கமாகப் பொருந்தும்படி செய்திருப்பார். அங்கே கையேடு சொல்வதைக் கேளுங்கள். மற்றபடி ஸ்டட்டை அடியில் முறுக்கி நெரித்தால் அது சாய்ந்து நிற்கும், அடிமரைக்கும் தேவையில்லாத அழுத்தம். போல்டுக்குப் பதில் ஸ்டட் வைப்பதன் அருமையே இங்கேதான் இருக்கிறது. போல்டை இறுக்கும்போது அது ஒரே நேரத்தில் முறுக்கவும் படுகிறது, இழுக்கவும் படுகிறது. அதன் மரை ஒவ்வொரு முறையும் பிளாக்கின் இரும்பைத் தேய்க்கிறது. ஸ்டட்டில் சுழல்வது நட்டு மட்டும். பிளாக்கின் மரை அசையாமல் நிற்கிறது. வார்ப்பிரும்பு கொஞ்சம் உடையும் தன்மை கொண்டது என்பதால், பல எஞ்சின்களில் பிளாக் பக்கம் அகலமான மரையும் நட்டுப் பக்கம் நெருக்கமான மரையும் இருக்கும். யாரோ யோசித்துச் செய்த வேலை அது.

ஹெட்டை இறக்கியதும் ஒன்பது ஸ்டட்களும் கேஸ்கெட்டைத் தாங்களே சரியான இடத்தில் நிறுத்திக்கொண்டன. கேஸ்கெட்டில் எந்தப் பக்கம் மேலே, எது முன்பக்கம் என்று அச்சிட்டிருப்பதை இரண்டு முறை படித்துவிடுங்கள். புஷ் ராடுகள், ராக்கர் ஷாஃப்ட், தூண்கள். நட்டுகள் கையால் ஓடும்வரை.

முறுக்குவதைப் பற்றி விரிவாகவே சொல்ல ஆசை. டார்க் ரெஞ்ச் இழுவிசையை அளப்பதில்லை. நட்டைச் சுற்ற எவ்வளவு சிரமம் என்பதை அளக்கிறது. அந்தச் சிரமத்தில் ஏறத்தாழ பாதி நட்டின் அடியில் வாஷரோடு நடக்கும் உராய்வு, 40 சதவீதம் மரையின் உராய்வு. ஸ்டட்டை நீட்டப் போய்ச் சேர்வது வெறும் 10 சதவீதம். மரை காய்ந்திருந்தால் அந்த 10-உம் குறையும்; வழுக்கும் கிரீஸ் அதிகமானால் எதிர்பார்த்ததைவிட இழுவிசை ஏறி, ஸ்டட் எல்லை தாண்டும். ஆகவே ஒரு முறுக்கு எண்ணைச் சொல்பவர் எந்த மசகோடு என்றும் சொல்லியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஸ்டட்டோடு வந்த தாளில் தனி எண் இருந்தால் அதுவே செல்லும். என்னுடையவற்றுக்குக் கையேட்டின் 40 அடி-பவுண்டையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், எஞ்சின் ஆயில் தடவி. மரையிலும் நட்டின் அடிமுகத்திலும் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு எண்ணெய் தடவினேன்.

நடுவிலிருந்து வெளியே, கையேட்டின் வரிசைப்படி. முதல் சுற்று 15, அடுத்து 30, கடைசியாக 40. நட்டு நகர்ந்துகொண்டே இருக்கும்போது ரெஞ்ச் கிளிக் அடிக்க வேண்டும். நின்ற நட்டை மறுபடி தள்ளினால், அசையத் தொடங்கும் உராய்வே பெரிதாக இருந்து பொய்யான எண்ணைக் காட்டும். ஆகவே ஒவ்வொரு நட்டிலும் நிதானமாக ஒரே இழுப்பு. கை இங்கே நிறையச் சொல்லும். நல்ல ஸ்டட்டில் சிரமம் சீராக ஏறிக்கொண்டே போகும், ரப்பர் பட்டையை இழுப்பது போல. ஏறிக்கொண்டிருந்த சிரமம் திடீரென்று ஏறாமல் அப்படியே நின்று, நட்டு மட்டும் சுற்றிக்கொண்டே போனால், அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். ஒன்று ஸ்டட் நீள்கிறது, அல்லது பிளாக்கின் மரை கிளம்புகிறது. ஒன்பதிலும் எனக்கு ஒரே உணர்வு கிடைத்தபோது மனதுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் மிகையாகத் தெரியும், ஆனால் உண்மை. ராக்கர் தூண்களின் சின்ன நட்டுகளுக்கு 25 அடி-பவுண்டு. வேலை முடிந்ததும் டார்க் ரெஞ்சை அதன் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்துவிடுங்கள், உள்ளே இருப்பதும் ஒரு ஸ்பிரிங்தான்.

வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், 0.30 மிமீ. ‘ஒன்பது’ விதிப்படி: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.

எஞ்சினைக் கிளப்பி, முழுச் சூடு வரும்வரை ஓட விட்டு, அணைத்து, முழுக்க ஆறியபின் மறுபடி ராக்கர் மூடியைத் திறந்தேன். கேஸ்கெட் சூட்டில் அமுங்கி இடம் பிடித்திருக்கும். அமுங்கிய அளவு நீட்சி குறைந்திருக்கும். அதே வரிசையில் ஒவ்வொரு நட்டையும் தனித்தனியாகக் கொஞ்சம் தளர்த்தி, உடனே 40-க்குக் கொண்டுவந்தேன். எல்லாவற்றிலும் நட்டு முன்பு நின்ற குறியைத் தாண்டிச் சற்று அதிகம் சுற்றியது. மறுபடி முறுக்கத் தேவையில்லை என்று அச்சிட்டு வரும் நவீன கேஸ்கெட்கள் உண்டு, அவற்றுக்கு அவர்கள் சொல்வதே சரி. அலுமினியம் ஹெட் உள்ளவர்கள் சூட்டோடு சூடாக ஒருபோதும் முறுக்க வேண்டாம். அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால், சூட்டில் ஸ்டட் ஏற்கெனவே அதிகம் இழுபட்டிருக்கும். ஹெட் கொஞ்சம் கீழிறங்கியதால் வால்வு இடைவெளியும் மாறியிருந்தது, அதையும் திருத்தினேன்.

கம்ப்ரஷன் இப்போது நான்கிலும் 150-ஐ ஒட்டி நிற்கிறது. அதிகத்துக்கும் குறைவுக்கும் 5 பிஎஸ்ஐ வித்தியாசம். கூலன்ட் துருத் தடுப்பு கலந்தது, வெறும் தண்ணீர் இனி அந்த பிளாக்குக்குள் போகாது. எந்த நாளில் ஊற்றினேன் என்பதையும், எந்த ஸ்டட் எவ்வளவு முறுக்கில் விட்டது என்ற பழைய குறிப்பையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து இந்த ஹெட்டைத் திறக்கப் போகிறவருக்குப் பயன்படும்.